எலும்பில்லாத இடம்

மிஷினை அறைக்கு வெளியே தள்ளிப்போகக்
கையெழுத்து வேண்டும்.
பதிவேட்டில், நோக்கம் என்ற கட்டத்தில்,
பக்கம் பக்கமாக ஒரே சொல்: கர்ப்பம்.
இன்றிரவு எழுதினேன்:
போஜன், ஐம்பத்து மூன்று, ஆண், தலை.

குன்னூரில் மூன்றாம் நாளாக மழை.
கோவையிலிருந்து மேலேறி வந்து
உறைந்த ரத்தத்தை எடுத்த டாக்டர்
மாலையே இறங்கிவிட்டார்.
அவர் கார் போன முக்கால் மணியில்
பர்லியாறுக்கு மேலே மண் சரிந்தது.
எங்கள் சி.டி. மிஷின் செவ்வாய்க்கிழமையிலிருந்து பழுது;
அதன் உதிரிபாகம்
கீழே எங்கோ ஒரு லாரியில் நிற்கிறது.

இடப்பக்க மண்டையோட்டில்
உள்ளங்கை அகலம் கழற்றியிருக்கிறார்கள்,
வீங்கும் மூளைக்கு இடம் விட்டு.
அந்த எலும்பு இப்போது
அவர் வயிற்றுத் தோலுக்கடியில் இருக்கிறது,
திருப்பி வைக்கும் நாள்வரை கெடாமல்.
பன்னிரண்டு வருஷமாக வயிறுகள் பார்த்தவள் நான்.
இந்த வயிற்றைப் பார்க்கச் சொல்லி
யாரும் சீட்டு எழுதவில்லை.

எலும்பு ஒலியை உள்ளே விடாது.
எலும்பில்லாத இடத்தில்
தோல், மெல்லிய ஜவ்வு, பிறகு மூளை.
ஜெல்லைக் கைச்சூட்டில் வைத்திருந்து
தையலைத் தொடாமல் தடவினேன்
(பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் அப்படித்தான்).
அழுத்தக் கூடாது. புரோபின் எடையை
என் மணிக்கட்டே சுமக்க வேண்டும்.

திரையில் பனி.
புது ரத்தம் இதில் வெள்ளையாகத் தெரியும்,
நாளாக ஆகக் கறுக்கும்.
மூளைநீர் தேங்கும் குழிகள் எப்போதுமே கறுப்பு.
இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு கோடு.
நேராக ஓட வேண்டியது
வலப்பக்கம் ஒதுங்கிப் போயிருந்தது.

பதினொன்றுக்கு ஆறு மில்லிமீட்டர்.
ஒன்றுக்கு ஏழு.
படம் அனுப்ப, சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான
கழிப்பறை ஜன்னலில் கையை வெளியே நீட்டினேன்.
வெள்ளை கூடியிருக்கா, என்றார் டாக்டர்.
தெரியலை சார் என்று சொல்ல
எனக்கு இத்தனை வயது தேவைப்பட்டது.
மூன்றுக்குப் பாருங்க, என்றார். ஃபோன் ஈரமாகிவிட்டது.

வெளியே பெஞ்சில் மாதி, சால்வைக்குள்.
கேத்தியிலிருந்து கேரட் லாரியில் ஏறி வந்தவள்.
மிஷினை அடையாளம் கண்டுகொண்டாள்.
இதுலதானே என் கடைசிப் பையனைக் காட்டினீங்க?
ஆமாம் என்றேன். நினைவில்லை.
அப்போது கேட்டது மாதிரியே கேட்டாள்: நல்லாயிருக்கா?
ஆணா பெண்ணா சொன்னால் சிறை என்று
மிஷின் நெற்றியிலேயே ஒட்டியிருக்கிறது.
தலைக்கு அப்படி ஒரு சட்டமும் கிடையாது.
இருந்தும் நாக்கு எழவில்லை.

அவளே பேசினாள்.
இருபத்தாறு வருஷமா மேட்டுப்பாளையம் பஸ்.
பனி இறங்கிட்டா ஒவ்வொரு கொண்டை ஊசிக்கு முன்னாடியும்
ஹாரன் அடிச்சிட்டு, கண்ணாடியை இறக்கிக்
காது கொடுப்பார்.
பதில் வந்தா நிப்பார். வரலைன்னா திரும்புவார்.
ஒரு நாள் ஒரு யானைதான் பதில் சொல்லுச்சாம்.
சிரித்தாள். உடனே சால்வையால் வாயை மூடிக்கொண்டாள்.

மூன்று மணி.
ஒலியை அனுப்பினேன். காது கொடுத்தேன்.
ஏழு.
புரோபை எடுத்து, மறுபடி வைத்து அளந்தேன். ஏழு.
வெள்ளையின் விளிம்பு
ஒரு மணிக்கு எங்கே இருந்ததோ அங்கேயே.
இதற்கு நல்ல செய்தி என்று பெயர் வைக்கலாமா?
செலின் சிஸ்டர் சார்ட்டில் எழுதிவிட்டுப்
பேனாவை மூடாமலே நின்றாள்.

ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
நேற்றிலிருந்து அசையாத வலக்கை அசையவில்லை.
இடக்கை போர்வையைவிட்டு எழுந்தது,
விரல்கள் எதையோ உருண்டையாகப் பற்றின,
பின்னுக்கு இழுத்தன.

வலிப்பு என்று ஊசியெடுக்க ஓடினாள் செலின்.
கதவுக்கருகிலிருந்து மாதி சொன்னாள்:
இல்ல சிஸ்டர். கியர் மாத்துறார்.
வளைவு வருது.

மணி மூன்று இருபது.
சார்ட்டில், ஐந்துக்கு எதிரே, காலிக் கட்டம்.